சித்திரை மழைக்கு முன்னால் எதை முதலில் முடிப்பது? (வெள்ளகோவில் பக்கம், 5 ஏக்கர்)

மேட்டாங்காட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இங்கே நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் எங்களுக்குப் பாதி தைரியம் வந்தது. அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

எங்கள் நிலம் வெள்ளகோவிலில் இருந்து மூலனூர் போகிற வழியில் இருக்கிறது. மொத்தம் 5 ஏக்கர். சாளையை (காட்டு வீட்டை) ஒட்டி ஒரு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை. இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு, மழையை நம்பிய நிலம். மீதி இரண்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள். மாமா இருந்தவரை எருமையும் செம்மறியும் மேய்ந்த காடு அது. அவர் போன பிறகு பக்கத்துத் தோட்டத்தாருக்கு மேய்ச்சலுக்கு விட்டிருந்தோம். தை மாதத்தோடு அந்தக் கெடு முடிந்தது. நாங்களும் திருப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாளைக்கே வந்துவிட்டோம்.

வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரத்தில் பாதி நாள் இன்னும் வேலைக்குப் போய் வருகிறார். பிள்ளைகள் படிப்புக்கு அந்தச் சம்பளம் வேண்டும். ஆகவே தினமும் காட்டில் நிற்பது நானும் அத்தையும்தான். அத்தைக்கு எழுபதை ஒட்டிய வயது, ஆனாலும் என்னைவிட வேகமாகக் களை வெட்டுவார்.

எங்கள் ஆசை பெரிதில்லை. சாப்பிடுகிற பருப்பு, கம்பு, காய், முட்டை, பால், தேங்காய் எண்ணெய் எல்லாம் எங்கள் மண்ணில் இருந்து வர வேண்டும். செம்மறி வளர்த்து வருடத்துக்கு ஒரு முறை குட்டிகளை விற்றால் கைச்செலவுக்கு ஆகும். இதற்காகச் சேர்த்து வைத்த பணம் ஒன்றரை லட்சம்.

பங்குனி பிறந்ததும் எல்லா வேலையும் ஒன்றாக வந்து நிற்கிறது. கிணற்றில் சேறு எடுக்க வேண்டும். ஆட்டுப்பட்டி, கோழிக்கூடு போட வேண்டும். குளத்து வண்டல் அடிக்க வேண்டும். கோடை உழவு, சொட்டுநீர், காய்கறி, பழக்கன்று எல்லாம் பாக்கி. கண்ணபுரம் தேருக்குக் கூடுகிற மாட்டுத்தாவணியில் (மாட்டுச்சந்தையில்) ஒரு காங்கேயம் பசு பிடிக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் வெகுநாள் கனவு. நடுவில் பிள்ளைகளுக்கு முழுஆண்டுப் பரீட்சை. ஊரில் மாரியம்மன் நோன்பு சாட்டியாகிவிட்டது, ஒரம்பரை (உறவுக்காரர்கள்) வருவார்கள்.

போதாததற்கு வாசல் நிறையப் புளி. வேலியோரத்துப் புளியமரம் இந்த வருடம் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. காலை வெயில் ஏறியதும் அத்தை காய்ந்ததைப் பார்த்துப் பொறுக்கி, மரக்கட்டையால் தட்டி ஓட்டை உடைப்பார். நான் நார் உருவிக் கொடுப்பேன். அதைக் கல் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் கொட்டை பிதுங்கி வெளியே வரும். உப்புப் போட்டு மண்பானையில் அழுத்தி வைத்தால் அடுத்த வருடம் வரைக்கும் கவலையில்லை. ஆனால் இடையில் ஒரு மழை விழுந்து நனைந்தால் அத்தனையும் கறுத்துவிடும். அதனால் இதையும் தள்ளிப்போட முடியவில்லை.

என் கேள்வி இதுதான். முதல் கோடை மழைக்கு முன்னால் கட்டாயம் முடிக்க வேண்டியது எது? மழைக்குப் பிறகு செய்தாலும் பரவாயில்லை என்பது எது? பசுவை இப்போது வாங்கலாமா? செம்மறி எப்போது, எத்தனை? இந்தக் காட்டு நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழுக்கட்டைப்புல்:

அம்மிணி, கொரங்காட்டைப் பிளாட் போடாமல், போர்வெல் போட்டுத் தென்னை வைக்காமல், மறுபடியும் மேய்ச்சலுக்கே கொண்டுவருகிறீர்கள் பாருங்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் பக்கம் நின்றதே அந்தக் காடுகளால்தான். நான் காங்கேயத்துக்குக் கிழக்கே. அப்பாரு காலத்துக் கொரங்காட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

வேலையை அவசரம், முக்கியம் என்று பிரிக்காதீர்கள். வெயில் இருந்தால்தான் ஆகும் வேலை எது, மழை விழுந்தால்தான் ஆகும் வேலை எது என்று பிரியுங்கள். உங்கள் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

வெயில் வேலையில் முதலாவது கிணறு. தண்ணீர் அடியில் கிடக்கும்போதுதான் ஆள் இறங்கிச் சேறு எடுக்க முடியும். சித்திரையில் நல்ல மழை ஒன்று பிடித்துவிட்டால் அடுத்த கோடைதான். கிரேன் வைத்து எடுக்கும் ஆட்கள் இப்போது தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், உடனே சொல்லி வையுங்கள். எடுத்த சேற்றைக் கிணற்று மேட்டிலேயே குவிக்கவிடாதீர்கள், மழைக்குக் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். தென்னை வட்டப்பாத்திக்கு அள்ளிப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகை மேலே வராமல் அடியிலேயே நிற்கும், கீழே இருக்கிறவர் உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது வண்டல். குளம் காய்ந்து கிடக்கும்போதுதான் டிராக்டர் இறங்கும். விவசாயத்துக்கு மண் இலவசம்; தாசில்தாரிடம் அனுமதி வாங்கினால் போதும். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். உங்கள் செலவு வண்டி வாடகையும் ஏற்றுகூலியும்தான். அனுமதி கையில் வராமல் வண்டியை விடாதீர்கள். மேட்டாங்காட்டில் ஒரு ஏக்கருக்கு மட்டும் இந்த வருடம் அடியுங்கள். சரளை கலந்த செம்மண்ணில் வண்டல் சேர்ந்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும். கொரங்காட்டில் மட்டும் ஒரு கூடை மண்கூடக் கொட்ட வேண்டாம். அந்தப் புல்லுக்கு அந்த மண்ணே போதும்.

மழை வேலையில் முதலாவது உழவு. ‘சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஓர் உழவு மழை பெய்து, மண் காலில் ஒட்டாத பதம் வந்தவுடன் சரிவுக்குக் குறுக்காக ஓட்டிவிடுங்கள். அடுத்து வரும் மழை ஓடாமல் அந்தச் சாலிலேயே இறங்கும். மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழுவெல்லாம் மேலே வந்து வெயிலிலும் கொக்கு வாயிலும் போகும். பதம் நாலைந்து நாள்தான் நிற்கும். டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லி வைக்காவிட்டால் அன்றைக்கு ஊரே அவரைத் தேடும்.

உழுததில் ஒரு ஏக்கருக்குத் தீவனச் சோளமும் தட்டைப்பயறும் கலந்து விதையுங்கள். வண்டல் அடித்த ஏக்கருக்குப் பலதானியம் போட்டு, பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். கொள்ளு ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம். சோளத்தில் ஒரு எச்சரிக்கை: மழையில்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் விசம் உண்டு. பூட்டை (கதிர்) வரும் முன்னால் ஆடு மாட்டை உள்ளே விடாதீர்கள். சில நிமிடத்தில் விழுந்துவிடும்.

கொரங்காட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. வருசமெல்லாம் வாடகை ஆடு மேய்ந்த காடு என்றால் புல் வேரோடு ஒட்டிக் கிடக்கும். முதல் மழைக்குப் பச்சை கிளம்பும். பார்க்கிற யாருக்கும் ஆட்டை ஓட்டிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம் அம்மிணி. கடவுப்படலைச் சாத்திக் கட்டிவிடுங்கள். கொழுக்கட்டைப்புல் கதிர் வாங்கி, விதை முற்றி, தானாக உதிரட்டும். ஒரு பருவம் அதை விட்டால் பத்து வருடம் உங்களை விடாது. வேலியில் சந்து இருந்தால் இப்போதைக்கு வேலாமுள்ளை வெட்டி அடையுங்கள். கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) நட்டு அது அடைவதற்குச் சில வருடம் ஆகும்.

இப்போது பசு. தாவணிக்குக் குடும்பத்தோடு போங்கள். அத்தையைக் கூட்டிப் போங்கள், அவருக்குச் சுழி, பல், மடி எல்லாம் தெரிந்திருக்கும். பார்த்துவிட்டு வாருங்கள். வாங்க வேண்டாம். ஒரு பசுவுக்கு நாளைக்கு ஏழெட்டுக் கிலோ சோளத்தட்டாவது வேண்டும். ஐப்பசி மழைக்குப் புல் எழும் வரை கணக்குப் போட்டால் டன்னுக்கு மேல் போகும். உங்களிடம் தட்டுப்போர் இல்லை. கோடையில் விலைக்கு வாங்கிப் போட்டால் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கை அந்த ஒரு வாயே தின்றுவிடும். விதைத்த சோளத்தை அறுத்துத் தட்டுப்போர் போட்டுவிட்டுத் தை மாதம் கன்றோடு வாங்குங்கள். கன்று செவலையாக (செந்நிறமாக) பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறுவதைப் பிள்ளைகள் கூடவே இருந்து பார்ப்பார்கள்.

பட்டிக்காரன்:

அய்யா சொன்ன வரிசை சரி. பட்டியை மட்டும் நான் முதலிடத்துக்குக் கொண்டு வருவேன். காரணம் நாய்.

அக்கா, நீங்கள் இருக்கிற பக்கத்தில்தான் வெறிநாய்க் கூட்டம் பட்டி பட்டியாக ஆடுகளைக் கடித்துப் போட்டு, விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் வைத்து மறியல் செய்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பட்டியிலும் ஒரு விடிகாலை நடந்தது. நாய் தின்பதற்காகக் கடிப்பதில்லை, ஓடுகிற எல்லாவற்றையும் கழுத்திலும் தொடையிலும் கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. சினை ஆடுகளைத் தூக்கிப் போய்ப் புதைத்த அன்று எங்கம்மா சோறு தின்னவில்லை. முன்பு போலப் படல் கட்டிக் காட்டுக்குள்ளேயே அடைத்துவிட்டு வீட்டில் தூங்குகிற காலம் போய்விட்டது.

அதனால் ஆடு வாங்குவதற்கு முன்னால் பட்டி. சாளைக்குப் பக்கத்திலேயே போடுங்கள், ராத்திரி சத்தம் காதில் விழ வேண்டும். ஒரு செம்மறிக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி இடம் போதும். இருபது ஆட்டுக்கு 20-க்கு 12 அடி கணக்கு. சுற்றிலும் ஆறடிக் கம்பிவலை. வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கம் கல் அடுக்குங்கள். நாய் தோண்டித்தான் வரும். மேலேயும் வலை அல்லது கூரை இருக்கட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே வெயில் இறங்காது.

இந்த வருடம் பத்துப் பெட்டை, ஒரு கிடாய். அதற்கு மேல் வேண்டாம், காட்டைப் பூட்டி வைக்கப் போகிறீர்கள். அது திறக்கிற வரை மேட்டாங்காட்டு வரப்பு, வெள்வேல் நெற்று, அகத்தி என்று சமாளிக்கிற அளவுதான் இருக்க வேண்டும். கன்னிவாடிச் சந்தையில் வாங்கலாம், ஆனால் சந்தை ஆடு சந்தை நோயையும் கொண்டுவரும். தெரிந்த பட்டியில் வாங்கினால் நல்லது. எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டி வையுங்கள். மழைக்கு முன்னால் துள்ளுமாரித் தடுப்பூசி கட்டாயம். மழைக்குத் தளிர்க்கிற புல்லை வயிறு முட்டத் தின்னும்போதுதான் அது தாக்கும், நேற்று துள்ளிய குட்டி காலையில் கிடக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி உண்டு, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கோழிக்குத் தனி வேலை வேண்டாம். பட்டியின் ஒரு மூலையில் உயரத்தில் அடைப்பு வைத்தால் போதும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கோடையில்தான் வெள்ளைக்கழிச்சல் ஊரையே துடைக்கும்.

செங்காடு:

சொட்டுநீருக்குக் கைப்பணத்தைச் செலவு செய்யாதீர்கள். 5 ஏக்கருக்குள் இருப்பதால் சிறு விவசாயி சான்று கிடைக்கும், அதற்கு 100 சதவீத மானியம். விண்ணப்பத்துக்குச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், அந்தச் சான்று வேண்டும். சிட்டா இன்னும் உங்கள் மாமனார் பெயரில் இருந்தால் முதலில் பட்டா மாறுதலுக்குக் கொடுங்கள். அதற்குத்தான் நாள் இழுக்கும்.

மூலனூர் முருங்கை:

தங்கச்சி, பழக்கன்று பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இப்போது வைக்காதே. நம் பக்கம் வைகாசி கடைசியில் இருந்து ஆடி முடிய அடிக்கிற காற்று உனக்குத் தெரியாததா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலைக்காரர்களுக்குத்தான் அது கொண்டாட்டம். புதுக்கன்றை ராப்பகலாக ஆட்டி ஆட்டி வேரையே பிடிக்கவிடாது. ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மாவோ கொய்யாவோ நெல்லியோ, புரட்டாசி கடைசியில் குழி ஆறி இருக்கட்டும், ஐப்பசி மழையில் வை. மரமுருங்கையும் அப்போதுதான். போத்து நான் தருகிறேன், எங்கள் காட்டு மரம் நல்ல சதைப்பற்றுக் காய்.

குழி மட்டும் இப்போதே எடுத்துப் போடு. வெயில் பட்டுக் கிடந்தால் கரையான் அடங்கும்.

பட்டிக் கூரையையும் அந்தக் காற்றை நினைத்துப் போடு. தகரமோ சிமென்ட் அட்டையோ, குறுகலான பக்கம் மேற்கைப் பார்க்கட்டும். அந்த மேற்குப் பக்கத்தைத் தென்னங்கீற்றுத் தடுக்கால் அடைத்துவிடு. கூரையைப் பிடிக்கிற ஜே போல்ட்டை ஒன்று விட்டு ஒன்று போட ஆள் சொல்லுவான், கேட்காதே. எங்கள் ஊரில் ஆனி மாதம் ஒரு சாளைத் தகரம் பறந்து போய் அடுத்த காட்டுக் கரண்டுக் கம்பியில் விழுந்தது.

காய்கறிக்குப் பெரிய பாத்தி எதுவும் வேண்டாம். கிணறு சேறு எடுத்துத் தெளிகிற வரை தென்னை நிழலில் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, இந்த மூன்று போதும். கொத்தவரைக்கு வெயில் ஒரு பொருட்டே கிடையாது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடு. ஆடியில் பூசணி, அவரை, பாகல், பீர்க்கன் போடலாம், விதை உன் அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார் பார்.

நோன்புக்கு வருகிற ஒரம்பரையை நினைத்து ஏன் மலைக்கிறாய்? மாவிளக்கு எடுத்து முடிந்த மறுநாள் எல்லாரையும் வாசலில் உட்கார வைத்துப் புளி கொடு. நாத்தனார், கொழுந்தியா, பிள்ளைகள் எல்லாரும் பேசிக்கொண்டே தட்டினால் இரண்டு மத்தியானத்தில் தீர்ந்துவிடும். போகும்போது ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தனுப்பு. எங்கள் வீட்டில் வருசா வருசம் அப்படித்தான்.

மேட்டாங்காட்டுக்காரி:

அய்யா, அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன்.

கிரேன்காரர்கள் நோன்புக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். சேறு ஆளுயரத்துக்கு இருந்தது. அள்ள அள்ள உடைந்த பானை ஓடு, மாமா தொலைத்த தாம்புக்கயிற்று உருளை என்று வந்தது. அடியில் கீழ்ப்புறம் பாறை இடுக்கில் ஓர் ஊற்று மூடிக் கிடந்திருக்கிறது. கடப்பாரையால் சேற்றைக் கிளறி எடுத்ததும் விரல் தண்டிக்குத் தண்ணீர் பீறிட்டது. அத்தை மேட்டில் நின்று, ‘இது உங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருந்த ஊத்துடா’ என்று என் மகனிடம் சொன்னார். முன்பு ஒரு மணி நேரத்தில் உறிஞ்சின மோட்டார் இப்போது இரண்டரை மணி நேரம் ஓடுகிறது.

பட்டா மாறுதலுக்குக் கொடுத்தாயிற்று, அது இன்னும் நகரவில்லை. வண்டல் அனுமதி வந்து மண் அடித்தாயிற்று. பட்டி வேலை பாதியில் நிற்கிறது: வலை கட்டியாகிவிட்டது, கூரைக்கு ஜே போல்ட் நெருக்கமாகத்தான் போடுவேன் என்று சொன்னதில் வெல்டருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆடு இன்னும் வாங்கவில்லை. புளி அக்கா சொன்ன மாதிரியே தீர்ந்தது.

தாவணிக்கும் போனோம். வீட்டுக்காரர் சாம்பல் நிற மயிலைப் பசு ஒன்றின் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். தட்டுக் கணக்கை அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, தை மாதம் பார்க்கலாம் என்று நகர்ந்தார். எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்தக் கோடைக்கு அதுதான் சரி என்று இரண்டு பேருக்கும் மனசு ஒப்புகிறது.

நேற்று முன்தினம் இரவு மழை. இன்று காலை மேட்டாங்காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கொரங்காட்டுக் கடவைச் சாத்திவிட்டோம். ஆனால் வடக்குப் பக்கம் அரை ஏக்கருக்குப் புல்லே இல்லை, வெறும் சரளை. அங்கே கொழுக்கட்டைப்புல் விதையை வாங்கித் தூவலாமா? ஆம் என்றால் எப்படி?

கொழுக்கட்டைப்புல்:

தூவலாம் அம்மிணி, இந்த ஈரத்திலேயே. ஆனால் இந்த வருடம் உருவிய புது விதையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த விதை சில மாதம் உறங்கினால்தான் நன்றாக முளைக்கும். போன ஐப்பசி, கார்த்திகையில் உருவினதா என்று கேட்டு வாங்குங்கள். அரை ஏக்கருக்கு இரண்டு கிலோ தாராளம்.

விதை பஞ்சு மாதிரி இருக்கும், காற்றுக்கு ஒரே பக்கம் போய்விடும். செம்மண்ணும் பொடித்த சாணமும் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி நிழலில் காயவையுங்கள். பிள்ளைகளுக்கு லீவுதானே, அவர்களிடம் விடுங்கள். சரளையில் முள்கொத்தை வைத்துச் சரிவுக்குக் குறுக்கே லேசாகக் கீறிவிட்டு, கீறலில் உருண்டையைப் போட்டு ஒரு நடை மிதித்துவிட்டால் போதும். ஆழமாக மூட வேண்டாம். அதன் மேல் வேலாமுள்ளை அங்கங்கே பரப்பி வையுங்கள். நிழலுக்கு நிழல், முயல் வாயில் இருந்தும் தப்பும்.

என்னிடம் போன கார்த்திகை விதை இருக்கிறது. பணம் வேண்டாம். காங்கேயம் வரும்போது சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.